அடைசல் எங்கே போகும்?

வீட்டில் அடைசல் சேர்ந்துவிட்டது, நாலைத் தூக்கிப் போட்டால்தான் நிம்மதி என்று எல்லாரும் சொல்கிறோம். போட்டது எங்கே போய் விழும் என்று கேட்பவர்கள் குறைவு. மலேசியாவின் கேமரன் மலையில் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. தானா ராத்தாவிலோ ஹாபுவிலோ சரிவில் வீசிய பழைய மெத்தை, மழையோடு மழையாகச் சுங்கை பெர்த்தாமில் இறங்கும். ஆறு அதை ரிங்லெட் ஏரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த ஏரியைக் கட்டிப் பிடித்திருக்கும் சுல்தான் அபு பாக்கார் அணைக்கு நேர் கீழே இருக்கிறது லெம்பா பெர்த்தாம்.

அணை நீர்மின் திட்டத்துக்காக 1963-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏரி ஏறத்தாழ 63 லட்சம் கன மீட்டர் நீர் கொள்ளும் என்பது கணக்கு. மலையைச் சீவிக் காய்கறித் தோட்டம் போட்டதில் இறங்கிய மண் அந்தக் கொள்ளளவில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. 2013 அக்டோபர் 23 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பெருமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. லெம்பா பெர்த்தாமில் உயிர்கள் போயின, வீடுகள் உடைந்தன, வாகனங்கள் சேற்றில் புதைந்தன. அடுத்த ஆண்டு நவம்பரிலும் சேற்று வெள்ளம் வந்தது. இதற்கெல்லாம் வீட்டுக் குப்பைதான் காரணம் என்று சொன்னால் அது பொய். முதல் குற்றவாளி மண். ஆனால் ஆற்றோரத்திலும் ஏரியிலும் மண்ணோடு கலந்து கிடந்ததில் நம் வீட்டுப் பொருளும் இருந்தது. மேலே ஒரு வீடு சுத்தமாவது கீழே இன்னொரு வீட்டின் பாடாக முடியக் கூடிய ஊர் இது.

ஆகவே வீட்டுச் சாமானை விட்டுக் கொடுப்பது பற்றிய கேள்வியை இங்கிருந்து எழுப்புவது பொருத்தம். பொருள் ஏன் சேர்கிறது, அதை விடச் சொல்லி உலகம் தரும் யோசனைகள் என்ன, நம் வழக்கத்தில் ஏற்கெனவே என்ன இருந்தது, தேயிலைத் தோட்டத்துத் தமிழ் வீட்டுக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடைசலை மனவுறுதிக் குறைவு என்று பேசுவதே தவறான தொடக்கம். வீட்டை விட்டு ஒரு பொருள் போவதற்கு மூன்று வேண்டும்: நிலைத்த கூரை, வாங்கிக்கொள்ளும் கை, ஏற்றிப் போகும் லோரி. இம்மூன்றும் இல்லாத இடத்தில் உபதேசம் செல்லாது.

தகரப் பெட்டியில் தொடங்கிய குடித்தனம்

கேமரன் மலையில் தேயிலை பெரிய அளவில் வேரூன்றியது 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது. காட்டை வெட்டவும் கன்று நடவும் கொழுந்து எடுக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மலாயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளர் செல்வதை 1938-இல் இந்திய அரசு தடை செய்யும் வரை அந்த வரவு நீடித்தது. வந்தவர்களுக்குத் தோட்டம் கொடுத்தது வேலையும், வரிசையாகக் கட்டிய லயன் வீடும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரை குடியிருக்கலாம், வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2013 ஜூலை முதல் சட்டம் சொல்கிறது. அதற்கு முன் 55 வழக்கம். முப்பது நாற்பது ஆண்டு குடியிருந்த வீட்டை அந்த வயதில் காலி செய்யும் நிலை தோட்டத்து வாழ்க்கையோடு கூடவே வந்தது.

நாடு முழுக்கப் பார்த்தால் கதை இன்னும் கடுமை. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, சுமார் 60,000 இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறிய 1980 முதல் 2000 வரையிலான காலத்தில், இடம் பெயர்ந்த இந்தியர் தொகை 3 லட்சம் என்று பரவலாக மதிப்பிடப்படுகிறது. இலங்கை மலையகத்தில் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது. கப்பலேறியவர்கள் பெட்டியில் அடங்கியதை எடுத்துக்கொண்டார்கள், மற்றதை லயத்திலேயே விட்டார்கள். ஆகவே பொருளை விடுவது எப்படி என்று தோட்டத் தமிழருக்குப் பாடம் நடத்துவதில் கொஞ்சம் அபத்தம் இருக்கிறது. விடும்படி வற்புறுத்தப்பட்ட சரித்திரம்தான் அவர்களுடையது.

அந்தச் சரித்திரம் எதைச் சேர்க்க வைத்தது என்று பார்த்தால் அடைசலின் கணக்கு புரியும். சொந்த வீடு இல்லாதவர் கட்டில், மர அலமாரி, நிலைப் பெட்டி என்று கனமானதில் காசைப் போடுவதில்லை. நகர்த்தக் கூடியதில் போடுகிறார். ஆகவே லயன் வீட்டில் பெருகியவை பாத்திரம், துணி, கம்பளி, காகிதம்.

ஸ்டோர் அறையின் மேல் தட்டை எட்டிப் பார்த்தால் முதலில் கையில் படுவது எவர்சில்வர். கல்யாணத்துக்கு வந்த குடம், காதுகுத்துக்கு வந்த தூக்குச் சட்டி, புதுமனைக்கு வந்த தாம்பாளம். ஒவ்வொன்றின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாகக் கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். சில குடங்களில் ஊர்ப் பெயரும் சேர்ந்து இருக்கும், பக்கத்துத் தோட்டத்தின் பெயர், இப்போது அங்கே யாரும் இல்லாவிட்டாலும். இவை சமைக்க வாங்கியவை அல்ல. யார் வீட்டு விசேஷத்துக்கு நாம் எதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற மொய்ப் பேரேடு இவை. பெயர் வெட்டிய பாத்திரத்தைத் தூக்கிப் போடுவது கடனை மறுப்பது போன்ற குற்றவுணர்வைத் தரும். அதனால் பத்துக் குடத்தில் ஒன்றே புழக்கத்தில் இருக்கும், ஒன்பது பரணில் இருக்கும்.

அடுத்தது காகிதம். வெளியார் கண்ணுக்குக் குப்பை, வீட்டாருக்கு உயிர்நாடி. குடியுரிமைப் பத்திரம் கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுளைக் கழித்த பெற்றோர் தோட்டங்களில் நிறைய உண்டு. பிறந்தது இங்கேதான், படித்தது இங்கேதான், வேலை செய்தது இங்கேதான் என்று நிரூபிக்கப் பழைய சம்பளச் சீட்டும், தமிழ்ப்பள்ளித் தேர்ச்சி அறிக்கையும், தடுப்பூசி அட்டையும் தேவைப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. பிஸ்கட் டின்னில் அடைத்த சீட்டுக் கட்டை எறியாத பாட்டியை இந்த மண்ணில் யாரும் கேலி செய்ய முடியாது.

மூன்றாவது குளிர். நாள் வெப்பம் 15-லிருந்து 25 டிகிரிக்குள் நிற்கும் மலையில் கம்பளிச் சட்டையும் கனத்த போர்வையும் வேண்டும், அவை இடத்தை அடைக்கும். ஈரக்காற்று அதன் பங்கைச் செய்கிறது. துணி முழுதாகக் காய்வதில்லை. சுவரோரம் வைத்த அட்டைப் பெட்டியின் அடி கறுத்துப் பூசணம் பிடிக்கும், மரத்தின் கால் ஊறும். பத்திரமாக வைத்ததாக நினைத்தது ஐந்து ஆண்டில் யாருக்கும் கொடுக்க லாயக்கில்லாமல் போய்விடும். கேமரனில் சேர்த்து வைப்பதும் ஒரு வகையில் இழப்பதுதான், மெதுவாக இழப்பது. சமவெளியில் வாழும் உறவினருக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாத உண்மை இது.

உலகம் சொல்லும் யோசனை

வீட்டை ஒழிப்பது பற்றிய பேச்சில் கடந்த பதினைந்து ஆண்டில் அதிகம் அடிபட்ட பெயர் ஜப்பானின் மாரி கொண்டோ. அவர் புத்தகம் 2011-இல் வந்தது, 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடர் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியாக நினைவுப் பொருள் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, மகிழ்ச்சி தராததை நன்றி சொல்லி அனுப்பச் சொல்கிறார். வரிசை நல்ல வரிசை. ஆனால் மகிழ்ச்சி என்ற அளவுகோல் லயன் வீட்டில் இடறுகிறது. சிவப்பு அட்டை யாருக்கும் மகிழ்ச்சி தந்ததில்லை, அதை எறியவும் முடியாது. மூன்றாவது குழந்தை பிறந்தபின் தன் வீடே முன்போல் ஒழுங்காக இல்லை, நேரத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறேன் என்று 2023-இல் கொண்டோவே சொன்னார். அந்த ஒப்புதல் அவர் முறையைவிட நம் வீடுகளுக்கு நெருக்கமானது.

சுவீடனின் மார்கரெட்டா மாக்னுசன் 2017-இல் வேறொரு வழி காட்டினார். வயதான காலத்தில், நாம் போனபின் பிள்ளைகள் நம் சாமானோடு மல்லுக்கட்டக் கூடாது என்று, நாமே முன்கூட்டி ஒழித்து வைப்பது அது. பெரிய சாமானில் தொடங்கு, புகைப்படத்தையும் கடிதத்தையும் கடைசிக்கு வை, இருக்கும்போதே வேண்டியவருக்குக் கொடு என்கிறார். தனக்கு மட்டும் பொருள்படும் சிறு பொருள்களை ஒரு தனிப் பெட்டியில் வைத்து, நான் போனபின் பார்க்காமல் எறிந்துவிடுங்கள் என்று எழுதி வைக்கவும் சொல்கிறார். அறுபதில் வீட்டைக் காலி செய்யும் தோட்டத் தொழிலாளிக்கு இந்த யோசனை கொண்டோவைவிடப் பல மடங்கு பயன்படும். ஒரே வேற்றுமை, சுவீடன் கிழவி தன் வசதிப்படி செய்கிறார், நம்மவர் தோட்டம் குறித்த தேதிக்குள் செய்ய வேண்டும்.

ஆய்வுலகம் என்ன சொல்கிறது? கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட சோதனையில் சில மாணவர்களுக்கு ஒரு காப்பிக் கோப்பையைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். வேறு சிலரிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்றார்கள். கையில் கோப்பை இருந்தவர்கள் சுமார் 7 டாலர் கேட்டார்கள், இல்லாதவர்கள் 3 டாலர்கூடத் தர முன்வரவில்லை. கைக்கு வந்த சில நிமிடத்திலேயே பொருளின் மதிப்பு இரட்டிப்புக்கு மேல் ஏறிவிடுகிறது என்றால், முப்பது ஆண்டு தேய்த்துத் துலக்கிய குடத்துக்கு என்ன விலை வைப்பது?

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளைக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குலம் அங்குலமாகப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் கார் நிறுத்தும் கொட்டகையில் காருக்கு இடமில்லை, சாமான்தான் இருந்தது. அதே திட்டத்தில் 2010-இல் வந்த கட்டுரை ஒன்று, தன் வீட்டைக் குப்பையாக, முடியாத வேலையாக வருணித்த மனைவியரிடம் அன்றாட மன அழுத்தச் சுரப்பின் போக்கு ஆரோக்கியமற்றதாக இருந்ததைக் காட்டியது. கணவரிடம் அந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. அடைசலின் பாரம் வீட்டில் யார் தலையில் இறங்குகிறது என்பதற்கு அமெரிக்க ஆய்வுதான் வேண்டும் என்றில்லை. காலையில் கொழுந்து எடுத்துவிட்டு மாலையில் ஸ்டோரை ஒழிக்கும் பெண்ணைக் கேட்டால் போதும்.

மனநல மருத்துவம் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் பொருள் பதுக்கும் கோளாறு தனி நோயாக இடம் பெற்றது. மதிப்பு இருக்கிறதோ இல்லையோ எதையும் விட முடியாமை, விடும்போது தாங்க முடியாத வேதனை, புழங்கும் இடம் புழங்க முடியாதபடி அடைபடுதல் ஆகியவை அதன் அடையாளம். சமையலறையில் சமைக்க முடிகிறதா, கட்டிலில் படுக்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். முடிகிறதென்றால் அது வெறும் அடைசல். முடியாதென்றால் திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டியது. வயது ஏற ஏற இது கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும். வறுமையில் வளர்ந்ததால்தான் இப்படி என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். ஆய்வுகள் வறுமையோடு வலுவான தொடர்பு காட்டவில்லை. வாழ்க்கையில் பட்ட பெரிய இழப்புகளோடும் அதிர்ச்சிகளோடும் தொடர்பு காட்டுகின்றன. வெள்ளமும் வெளியேற்றமும் கண்ட ஊரில் அந்த வேறுபாட்டுக்குப் பொருள் உண்டு. குடும்பத்தார் ஒரே நாளில் அறையைக் காலி செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால், முதியவருக்கு அது இன்னொரு வெளியேற்றம்.

நம் வழக்கத்தில் இருந்தது

தமிழ் வீட்டில் பொருளை விடுவதற்கு நாள் குறித்து வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு முதல் நாள் போகி. பழைய பாய், கிழிந்த துணி, உளுத்த கூடை எல்லாம் வாசலில் எரியும். எரித்ததெல்லாம் புல்லும் ஓலையும் பருத்தியுமாக இருந்த காலத்து வழக்கம் அது. இன்று எரிவது நைலானும் பிளாஸ்டிக்கும் டயரும். 2018-இல் போகியன்று சென்னையில் புகை மூட்டம் விமான நிலையத்தையே முடக்கியது. விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. மலேசியாவில் திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே போகியின் தீயை விட்டுவிட்டு நாளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை, குடும்பமே சேர்ந்து, நல்ல காரியமாக நினைத்து ஒழிக்கும் நாள் நமக்குத் தெளிவாக வாய்த்திருக்கிறது.

அதைவிட ஆழமான வழக்கம் கைமாற்று. அக்காவின் பாவாடை தங்கைக்கு, பெரியவன் சட்டை சின்னவனுக்கு, அம்மாவின் பழம்புடவை பிறந்த குழந்தைக்குத் தூளி. தமிழ்நாட்டுத் தெருவில் பழைய துணிக்கு எவர்சில்வர் கொடுத்துப் போகும் பாத்திரக்காரர், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர். மலேசியாவில் ஒலிபெருக்கியில் ‘சூராட் காபார் லாமா’ என்று கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லோரி. இங்கே எதுவும் எறியப்படவில்லை என்பதைப் பாருங்கள். எல்லாம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது.

திருக்குறளின் அமைப்பிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. ஈகை 23-ஆம் அதிகாரம், இல்லறவியலில் வருகிறது. துறவு 35-ஆம் அதிகாரம், துறவறவியலில் வருகிறது. குடும்பஸ்தனிடம் வள்ளுவர் கேட்டது கொடுப்பதை. எல்லாவற்றையும் விடுவது வேறு நெறியில் போகிறவருக்கு. இன்று அடைசல் பற்றி எழுதுகிறவர்கள் குடும்பஸ்தனைக் குட்டித் துறவியாக்கப் பார்க்கிறார்கள். வெள்ளைச் சுவரும் ஒற்றை நாற்காலியுமான அறைப் படத்தைக் காட்டி, பற்றை விடு என்கிறார்கள். பத்துப் பேர் வந்தால் பாய் விரித்துச் சோறு போட வேண்டிய வீட்டுக்கு அது பொருந்தாது. கொடுக்க வழி செய்தால் அந்த வீடு தானே இளகும்.

வாங்கும் கை எங்கே?

இங்கேதான் லெம்பா பெர்த்தாமின் சிக்கல் தொடங்குகிறது. கொடுக்கும் மனம் இருக்கிறது, வாங்க ஆள் குறைந்துவிட்டது. பிள்ளைகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, படித்து, ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். அடுக்குமாடி வீட்டில் அம்மாவின் எட்டுக் குடத்துக்கு இடமில்லை. பெரிய அண்டாவில் சமைக்கும் விசேஷத்தை இப்போது மண்டபத்தில் சமையல்காரரே பார்த்துக்கொள்கிறார். பழைய சட்டையை வாங்கிப் போடத் தம்பி வீட்டில் ஒரே பிள்ளை, அதற்கும் புதிது மலிவாகக் கிடைக்கிறது. போகும் வழி அடைபட்டதால் வீடு அடைபட்டது.

ஆனால் வாங்கும் கை முழுக்க இல்லாமல் போகவில்லை. முன்பு தமிழர் செய்த வேலையின் பெரும்பகுதியை இப்போது தேயிலையிலும் காய்கறித் தோட்டத்திலும் செய்கிறவர்கள் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, மியன்மாரிலிருந்து வந்தவர்கள். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், முதலில் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்குமாக இருந்து, 2020-இல் எல்லாத் துறைக்கும் விரிந்தது. அதன் விதிகள் ஒரு தொழிலாளிக்குப் பூட்டுப் போடும் அலமாரி ஒன்று தர வேண்டும் என்கின்றன. குறைந்தபட்ச அளவு 0.35 மீட்டர் நீளம், 0.35 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம். கடல் கடந்து வந்தவனின் உடைமைக்குச் சட்டம் உறுதி செய்யும் இடம் அவ்வளவுதான். முன்பு வந்தவர்களுக்கு ஒரு தகரப் பெட்டி, இப்போது வருகிறவர்களுக்கு இந்தப் பெட்டி.

சமவெளியிலிருந்து இந்தக் குளிருக்கு வந்து இறங்கியவனுக்கு முதல் வாரம் தேவைப்படுவது கம்பளிச் சட்டை, போர்வை, ஒரு பானை. நம் ஸ்டோரில் பூசணம் பிடிக்கக் காத்திருப்பதும் அவைதான். அவன் போகும்போது அடுத்து வருகிறவனுக்கு விட்டுப் போவான், அலமாரி சின்னது என்பதால். கொடுக்கத் தயங்குகிறவர்களுக்கு நினைவூட்ட ஒன்று இருக்கிறது: 1930-களில் அந்த இடத்தில் நின்றவர் நம் பாட்டன்.

லோரி வரும் வரை

கையால் கொடுக்க முடியாததும் உண்டு: உடைந்த குளிர்ப்பெட்டி, ஊறிய மெத்தை, ஈயம் உள்ள பழைய தொலைக்காட்சி. இதற்கு அரசின் ஏற்பாடு என்ன? திடக்கழிவு மேலாண்மைக்கான 672-ஆம் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டு 2011 செப்டம்பரில், கேமரன் மலை அடங்கிய பகாங் உள்ளிட்ட மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. வாரம் இரு முறை சாதாரணக் குப்பை, ஒரு முறை மறுசுழற்சிப் பொருளும் பருமனான சாமானும் எடுக்கப்படும் என்பது அதன் ஏற்பாடு. வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது 2015 செப்டம்பரிலிருந்து கட்டாயம். 2016 ஜூனிலிருந்து பிரிக்காதவருக்கு 50, 100, 500 ரிங்கிட் என்று அபராதம் ஏறிக்கொண்டே போகும். நாட்டின் மறுசுழற்சி விகிதம் 2022-இல் 33.17 விழுக்காடு, 2025-க்குள் 40 என்பது இலக்காக வைக்கப்பட்டது.

காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் அது தாமான் எனும் வீடமைப்புப் பகுதி வீட்டை மனத்தில் வைத்து எழுதியது: வாசலில் தொட்டி, வாசல்வரை தார்ச்சாலை. லயன் வரிசைக்கும், தோட்டப் பாதையின் முடிவிலுள்ள வீட்டுக்கும், கம்பத்து மேட்டுக்கும் லோரி எவ்வளவு தூரம் வரும் என்பது தோட்ட நிர்வாகத்தையும் பாதையையும் மழையையும் பொறுத்தது. குப்பை மலையேறியோ மலையிறங்கியோ போக வேண்டும், இரண்டுக்கும் செலவு. கேமரனுக்கென்று நாளொன்றுக்கு 40 டன் எரிக்கும் சிறு உலை ஒன்றும் அமைக்கப்பட்டது. ஈரமான மலேசியக் குப்பையை எரிக்க டீசலைக் கொட்ட வேண்டியிருந்ததால், இவ்வகைச் சிறு உலைகள் நாட்டில் எங்கும் சோபிக்கவில்லை. லோரி வராத வீட்டுக்காரன் மெத்தையைச் சரிவில் தள்ளுகிறான். அங்கிருந்து அது போகும் பாதையை மேலே பார்த்தோம்.

எதை, எந்த வரிசையில்

இந்த மலை வீட்டுக்குப் பொருந்தும் வரிசை கொண்டோவின் வரிசையிலிருந்து மாறுபட்டது. முதலில் காகிதம், ஆனால் எறிய அல்ல. பிறப்பு, பள்ளி, வேலை, திருமணம், இறப்பு தொடர்பான ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, அசலைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஒரே பெட்டியில் உயரமான தட்டில் வையுங்கள். அணைக்குக் கீழே வாழ்கிறவர்களுக்கு இது முன்னெச்சரிக்கையும் ஆகும். மற்றக் காகிதம் பழைய பேப்பர் லோரிக்கு.

இரண்டாவது துணியும் கம்பளியும். ஈரக்காற்று இவற்றுக்கு அவகாசம் தராது, ஆகவே துவைத்துக் காய்ந்த கையோடு கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது பாத்திரம். பெயர் வெட்டிய பாத்திரங்களில் ஒவ்வொரு உறவுக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கோயில் சமையலறைக்குக் கொடுக்கலாம். அன்னதானத்தில் பரிமாறும் வாளியில் நம் பெரியம்மாவின் பெயர் இருந்தால் அது அவமரியாதை ஆகாது, பெருமைதான். அல்லது பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது கையோடு ஒன்றைக் கொடுத்தனுப்பலாம், மறுக்கவும் சங்கடப்படுவார்கள்.

நான்காவது சாமிப் படம். கண்ணாடி உடைந்த படத்தை எறிய மனம் வராமல் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருகிறோம், மழை அதை ஆற்றுக்கு அனுப்பி வைக்கிறது. சட்டத்தைப் பிரித்து, கண்ணாடியும் மரமும் தனித்தனியே மறுசுழற்சிக்குப் போகட்டும். தாளைச் செடியடியில் மண்ணில் புதைத்துவிடலாம். பூவையும் திருநீற்றையும் காலில் படாத இடத்தில் சேர்ப்பது நம் வீட்டுப் பழக்கம்தானே. கடைசியாகப் பெருஞ்சாமான். அதைத் தனி வீடாகச் செய்ய முடியாது. லயமோ கம்பமோ தாமானோ, ஒரு வரிசை முழுவதும் சேர்ந்து ஒரு நாள் குறித்து, நிர்வாகத்திடமோ உள்ளாட்சி மன்றத்திடமோ லோரி கேட்க வேண்டும். போகிக்கு முந்தின வாரம் அதற்குத் தோதான நாள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் இப்படி ஒரு லோரிக்குப் பொறுப்பேற்றால், நூறு சுத்தப் பிரச்சாரத்தைவிட அது அதிகம் சாதிக்கும்.

இத்தனையும் ஆளால் ஆகக் கூடியவை. ஆளால் ஆகாதது ஒன்று உண்டு, கூரை. அறுபதில் எங்கே போவது என்று தெரியாதவர் எதையும் விடமாட்டார், விடச் சொல்லவும் கூடாது. போகும் வீடு தெரிந்தால் எத்தனை அறை, எத்தனை தட்டு என்று தெரியும், அதற்கேற்ப எது வேண்டும் வேண்டாம் என்று அவரே பிரித்துவிடுவார். தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்பது தொழிற்சங்க மேடையிலும் தேர்தல் மேடையிலும் பல பத்தாண்டாகக் கேட்கும் கோரிக்கை. அதை வீட்டு ஒழுங்கோடு யாரும் சேர்த்துப் பேசுவதில்லை, சேர்த்துப் பேச வேண்டியதுதான். வீட்டுப் பட்டா ஒன்று கைக்கு வந்தால், பிஸ்கட் டின்னிலுள்ள பாதிச் சீட்டுகளுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.